ஒப்பந்தம் வேண்டாமென்ற கட்சி

சேர் ஸ்டாபோர்ட் கிரிப்ஸ் என்ற பெயர் தமிழ் நேயர்களுக்குப் புதிதன்று. 1942 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், யப்பானியப் படைகள் ரங்கூனைக் கைப்பற்றிக் கிழக்கிந்திய எல்லையை அச்சுறுத்தி நின்ற வேளையிலே, பிரித்தானிய அரசாங்கத்தின் தூதராக டில்லிக்கு வந்து, காந்தியடிகளோடும் நேருவோடும் ஜின்னாவோடும் பேசி, எண்ணியது கைகூடாது திரும்பியவர் அவரே. அவர் அங்கே பேசிக்கொண்டிருந்த நாள்களிலேதான் கொழும்பும் திருகோணமலையும் யப்பானிய விமானங்களின் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. இவை பலருக்கும் நினைவிலுள்ள செய்திகள். ஆனால், அவ்வாறு வந்த கிரிப்ஸ் அப்பொழுது எந்தக் கட்சியிலும் உறுப்பினராக இருக்கவில்லை என்பது பலர் அறியாத செய்தி. போர் அமைச்சரவையில் அவருக்கு இடமிருந்தது. பொதுச் சபையில் அரசாங்கத் தரப்பின் தலைவராக அவர் விளங்கினார். ஆயினும் அவர் கட்சியில்லாத மனிதர். மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், 1939 ஜனவரியில், தொழிற் கட்சி அவரைத் தன் உறுப்புரிமையினின்றும் நீக்கியிருந்தது. அவர் செய்த குற்றம் பணம் பற்றியதன்று, பதவி பற்றியதுமன்று. அடுத்த பொதுத் தேர்தலில் லிபரல் கட்சியோடும் ஏனைய எதிர்க்கட்சிகளோடும் ஒப்பந்தஞ் செய்துகொள்ளல் வேண்டுமென அவர் கேட்டார், கட்சி மறுத்தது, மறுத்த பின்னும் அவர் கேட்பதை விடவில்லை. அவ்வளவே.

அன்றைய ஐரோப்பாவின் நிலையை எண்ணிப் பார்ப்போருக்கு இம்மறுப்பு விந்தையாகத் தோன்றும். 1938 செப்டெம்பர் முடிவில் மியூனிக் நகரிலே செக்கோசிலோவாக்கியாவின் எல்லைப்புற நிலம் ஹிட்லருக்குக் கொடுக்கப்பட்டது. ஸ்பெயினிலே குடியரசுப் படைகள் பின்வாங்கிக் கொண்டிருந்தன. பிரித்தானியாவிலோ பிரதமர் சேம்பர்லேன் பெரும்பான்மைப் பலத்தோடு அசையாது அமர்ந்திருந்தார். அவரை எதிர்த்தவர்கள் பல கூறாகப் பிரிந்து கிடந்தனர். வீடு பற்றியெரியும்போது கிணற்றடியில் நின்று கயிறு யாருடையது என்று வழக்காடுவதா என்பதே கிரிப்ஸ் பக்கத்தார் கேட்ட கேள்வி. கேள்வி நியாயமானதாகவே தோன்றுகிறது. இருந்தும், அறிவிலும் அனுபவத்திலும் குறையாத தலைவர்களைக் கொண்ட ஒரு பெருங்கட்சி அதனைப் புறந்தள்ளியது. பிடிவாதம் என்ற ஒரு சொல்லால் இதனை விளக்கிவிட முடியாது.

முதலிலே, கட்சிகள் தேர்தல் ஒப்பந்தத்தை நாடுவது ஏன் என்பதைத் தெளிதல் வேண்டும். பிரித்தானியப் பொதுத் தேர்தலில், அன்றும் இன்றும், தொகுதியிலே எவருக்குக் கூடிய வாக்குக் கிடைக்கின்றதோ அவரே வென்றவர். அரைவாசிக்கு மேற் பெறவேண்டுமென்ற விதியில்லை. ஒரு தொகுதியில் முப்பதினாயிரம் பேர் வாக்களிப்பதாகக் கொள்வோம். ஆளுங்கட்சிக்குப் பதின்மூவாயிரம், முதலாம் எதிர்க்கட்சிக்குப் பதினாயிரம், இரண்டாம் எதிர்க்கட்சிக்கு ஏழாயிரம் என வாக்குகள் விழுந்தால், ஆளுங்கட்சியை வேண்டாமென்றோர் பதினேழாயிரம் பேராயிருந்தும் ஆளுங்கட்சியே வெல்லும். இரண்டாம் எதிர்க்கட்சி அங்கே வேட்பாளரை நிறுத்தாது விட்டு, அதற்கு ஈடாக வேறொரு தொகுதியில் முதலாம் எதிர்க்கட்சியும் விலகிக்கொண்டால், இரு கட்சிகளுக்கும் நன்மை. இதுதான் போட்டித் தவிர்ப்பு ஒப்பந்தம்.

இலங்கையிலே இதனை விளக்க நெடுந்தூரம் செல்லவேண்டியதில்லை. 1960 ஆம் ஆண்டு ஜூலைத் தேர்தலில் ஸ்ரீ லங்கா சுதந்திரக் கட்சியும் இடதுசாரிக் கட்சிகளும் போட்டியைத் தவிர்த்துக்கொண்டன. நாடு முழுவதிலும் விழுந்த வாக்குகளைக் கூட்டிப் பார்த்தால் ஐக்கிய தேசியக் கட்சிக்கே கூடுதலான வாக்கு. ஆசனங்களோ சுதந்திரக் கட்சிக்கு 75, ஐக்கிய தேசியக் கட்சிக்கு 30. குறைந்த தொகுதிகளில் நின்ற கட்சி கூடிய தொகுதிகளை வென்றது. 1978 ஆம் ஆண்டின் அரசியலமைப்புக்குப் பின்னர் இலங்கையில் விகிதாசார முறை புகுந்து, 1989 தேர்தல் முதல் வழக்கிலிருப்பதால், இளைய தலைமுறையினருக்கு இக்கணக்கு சற்று அந்நியமாகத் தோன்றலாம். மூத்தோருக்கு அது மனப்பாடம்.

ஆயினும் இக்கணக்கிலே ஓர் ஓட்டை உண்டு. வாக்குகள் நெல் மூடைகள் அல்ல. ஒரு வண்டியிலிருந்து இறக்கி மற்றொரு வண்டியில் ஏற்றிவிட இயலாது. மேற்சொன்ன தொகுதியிலே இரண்டாம் எதிர்க்கட்சி விலகியபின், அதன் ஏழாயிரம் பேரில் மூவாயிரம் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டு, இரண்டாயிரம் பேர் முதலாம் எதிர்க்கட்சிக்கும் இரண்டாயிரம் பேர் ஆளுங்கட்சிக்கும் வாக்களித்தால் என்னாகும்? பதினையாயிரத்துக்குப் பன்னீராயிரம் என்று ஆளுங்கட்சி முன்போலவே வெல்லும். ஒப்பந்தத்தினால் வந்த பயன் ஒன்றுமில்லை. விலகிய கட்சியின் கிளைச் சங்கமோ ஐந்தாண்டுக்கு ஒருமுறை செய்யும் வேலையையும் இழந்து கலைந்துபோகும். ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் முதற் கணக்கையே காட்டுவர். தொழிற் கட்சியின் தலைவர்கள் இரண்டாவது கணக்கையும் அறிந்திருந்தனர். அவர்கள் அதனை அறிந்தது நூல்களைப் படித்தன்று.

தொழிற் கட்சி பிறந்து வளர்ந்ததே ஓர் ஒப்பந்தத்தின் மடியிலேதான். 1900 ஆம் ஆண்டு பெப்ரவரியில் தொழிற் சங்கங்களும் சில சோஷலிசக் குழுக்களும் லண்டனில் கூடித் தொழிலாளர் பிரதிநிதித்துவக் குழு என்ற பெயரில் அதனை நிறுவின. அவ்வாண்டுத் தேர்தலில் அதற்குக் கிடைத்த ஆசனங்கள் இரண்டு. லிபரல் கட்சியோ அப்பொழுது பழம்பெருங் கட்சி. ஆனாலும் பதவியிழந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. 1903 ஆம் ஆண்டில், குழுவின் செயலாளரான ராம்சே மக்டொனால்டும், லிபரல் கட்சியின் கொறடாவான ஹேர்பேர்ட் கிளாட்ஸ்டனும் ஒரு மறைவான உடன்பாட்டுக்கு வந்தனர். ஏறத்தாழ முப்பது தொகுதிகளில் லிபரல்கள் தொழிலாளர் வேட்பாளருக்கு வழிவிடுவர் என்பது அதன் சாரம். கட்சித் தொண்டர்கள் பலருக்கு இவ்வுடன்பாடு தெரிவிக்கப்படவேயில்லை. 1906 தேர்தலில் குழு 29 ஆசனங்களை வென்று, தொழிற் கட்சி என்ற பெயரையும் சூடிக்கொண்டது. மக்டொனால்டும் அம்முறையே லெஸ்டர் நகரின் உறுப்பினரானார். லிபரல்கள் நானூறளவிலான ஆசனங்களோடு ஆட்சியமைத்தனர். இருவருக்கும் இலாபம் என்றே அன்று எல்லோரும் எண்ணினர்.

பின்னர் நிகழ்ந்ததை வரலாறு சொல்லும். 1924 ஆம் ஆண்டுத் தேர்தலில் லிபரல் கட்சிக்குக் கிடைத்த ஆசனங்கள் 40. பதினெட்டு ஆண்டுகளில் நானூறு நாற்பதாயிற்று. முதலாம் உலகப் போரும், அஸ்குவித்துக்கும் லொயிட் ஜோர்ஜுக்கும் இடையே மூண்ட பகையும் அதற்குப் பெருங் காரணங்கள் என்பதில் ஐயமில்லை. எனினும், தன் முற்றத்தில் ஒதுங்கிக்கொள்ள இடங் கொடுத்தவர் நாளடைவில் திண்ணைக்குப் போக, ஒதுங்கியவர் வீட்டுக்காரரானார் என்பதும் உண்மை. இதனைச் செய்து காட்டிய கட்சியே, மூன்று தசாப்தங்களின் பின்னர், இன்னொரு கட்சிக்கு அவ்வாறு இடங்கொடுக்கும்படி கேட்கப்பட்டது. அதன் தலைவர்களுக்கு 1903 மறக்கவில்லை.

1931 ஐ அவர்கள் அதனினும் மறக்கவில்லை. 1924 இலும் 1929 இலும் தொழிற் கட்சி அமைத்த இரண்டு அரசாங்கங்களும் சிறுபான்மை அரசாங்கங்களே. லிபரல்களின் தயவிலே நின்றவை. 1929 தேர்தலில் தொழிற் கட்சிக்கு 287 ஆசனமும் கன்சர்வேட்டிவ் கட்சிக்கு 260 ஆசனமும் லிபரல்களுக்கு 59 ஆசனமும் கிடைத்தன. எதைச் செய்வதாயினும் அந்த 59 பேரின் முகத்தைப் பார்த்தே செய்யவேண்டியிருந்தது. உலகப் பொருளாதார மந்தம் வந்து, வேலையற்றோர் தொகை இருபது இலட்சத்தைக் கடந்து, அவர்களுக்குக் கொடுக்கும் உதவிப்பணத்தைக் குறைப்பதா இல்லையா என்ற வினாவிலே அமைச்சரவை பிளந்தது. 1931 ஆகஸ்டில் பிரதமர் மக்டொனால்ட் தம் கட்சியைக் கைவிட்டு, கன்சர்வேட்டிவ் கட்சியையும் லிபரல்களையும் சேர்த்துத் தேசிய அரசாங்கம் என ஒன்றை அமைத்தார். ஒப்பந்தஞ் செய்து கட்சியை வளர்த்த அதே மனிதர், கூட்டமைத்து அதனை உடைத்தார்.

அடுத்து அக்டோபரில் நிகழ்ந்த தேர்தல், போட்டித் தவிர்ப்பின் வலிமையைத் தொழிற் கட்சிக்கு நேரிலே காட்டியது. தேசிய அரசாங்கத்தை ஆதரித்த கட்சிகள் மிகப்பல தொகுதிகளில் தமக்குள் போட்டியிடாது ஒரே வேட்பாளரை நிறுத்தின. தொழிற் கட்சியின் வாக்குகள் 83 இலட்சத்துக்கு மேலிருந்து 66 இலட்சமளவுக்கு இறங்கின. அஃதாவது, வாக்குகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆசனங்களோ 287 இலிருந்து 52 ஆகி, ஐந்தில் ஒரு பங்குகூட எஞ்சவில்லை. முன்னாள் அமைச்சர்களுள் தப்பிப் பிழைத்தோர் விரல்விட்டு எண்ணத்தக்க சிலரே. அவர்களுள் ஒருவர் அற்லி. மற்றொருவர், பிறிஸ்டல் கிழக்குத் தொகுதியின் உறுப்பினரான கிரிப்ஸ்.

கிரிப்ஸ் செல்வக் குடும்பத்திலே பிறந்தவர், பெரும் பொருள் ஈட்டிய வழக்கறிஞர், புலாலுண்ணாதவர், எளிய வாழ்வினர். 1931 இன் தோல்வி அவரைத் தீவிர சோஷலிசத்தின் பக்கம் திருப்பியது. 1937 இல் தம் பணத்தையும் இட்டு 'டிரிபியூன்' என்ற வார இதழைத் தொடங்குவித்தார். கம்யூனிஸ்டுகளோடும், தொழிற் கட்சியிலிருந்து பிரிந்துபோன சுயாதீனத் தொழிற் கட்சியோடும் ஒரே மேடையில் நின்று ஒற்றுமை இயக்கம் நடத்தினார். கட்சித் தலைமை அப்பொழுதே முகஞ் சுளித்தது. ஆனால், 1938 இன் இறுதியில் நிகழ்ந்த இரண்டு இடைத்தேர்தல்கள், அவருடைய கருத்துக்கு எங்கும் காணாத வலுவைத் தந்தன.

முதலாவது ஒக்ஸ்போர்ட் நகரில், மியூனிக் உடன்படிக்கை கைச்சாத்தாகி நான்கு கிழமைகளுக்குள் நிகழ்ந்தது. அரசாங்க வேட்பாளர் குவின்ரின் ஹொக். தொழிற் கட்சி வேட்பாளரும் லிபரல் வேட்பாளரும் விலகிக்கொள்ள, பல்லியல் கல்லூரியின் தலைவரான லின்ட்சே என்ற அறிஞர் சுயேச்சையாக எதிர்த்து நின்றார். தொழிற் கட்சி வேட்பாளர் பற்றிக் கோர்டன் வோக்கர் மனமுவந்து விலகினாரல்லர். உள்ளூர்க் கிளையின் முடிவுக்கு அடங்கியே விலகினார். லின்ட்சேக்காகத் தெருத்தெருவாகச் சென்ற மாணவருள் எட்வேர்ட் ஹீத் என்ற இளம் கன்சர்வேட்டிவும் இருந்தார். அவர் பிற்காலத்திலே பிரதமரானார். ஹொக்கே வென்றார், ஆயினும் பெரும்பான்மை முந்திய தேர்தலில் இருந்ததிற் பாதியளவாய்ச் சுருங்கி 3,434 ஆயிற்று. அடுத்த மாதம் சொமர்செற் மாவட்டத்தின் பிரிஜ்வோற்றர் தொகுதியில், வேர்ணன் பாற்லெற் என்ற பத்திரிகையாளர் அவ்வாறே இரு கட்சிகளின் வேட்பாளரும் இன்றி நின்றார். வானொலியிலே வெளிநாட்டுச் செய்திகளை விளக்கிப் பேசியதனால் மக்கள் அவருடைய குரலை நன்கு அறிந்திருந்தனர். கன்சர்வேட்டிவ் கட்சிக்கே உரியதென எண்ணப்பட்ட அவ்விடத்தை அவர் 2,332 வாக்குப் பெரும்பான்மையாற் கைப்பற்றினார். வானொலி ஒருவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய ஆரம்ப நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்றெனலாம்.

இவ்வெற்றியின் சூட்டோடு கிரிப்ஸ் தம் அறிக்கையை எழுதி, 1939 ஜனவரி 13 ஆம் தேதி கட்சியின் தேசிய நிறைவேற்றுக் குழுவின் முன் வைத்தார். தொழிற் கட்சி தனித்து நின்று அடுத்த தேர்தலில் பெரும்பான்மை பெறுமென்று நம்ப இடமில்லை. ஆதலின் சேம்பர்லேன் அரசாங்கத்தை எதிர்ப்போர் யாவரையும் ஒரு குறைந்தபட்ச வேலைத்திட்டத்தின் கீழ்ச் சேர்த்தல் வேண்டும். சோஷலிசம் சிறிது காலம் பொறுத்திருக்கலாம், சுதந்திரம் பொறுத்திராது என்பது அவர் வாதம். குழுவில் அவருக்குச் சார்பாக மூவரும் எதிராகப் பதினெழுவரும் வாக்களித்தனர். அவர் அதனை ஏற்று அடங்கினாரல்லர். அறிக்கையைக் கட்சிக் கிளைகளுக்கெல்லாம் அனுப்பிவைத்தார்.

குழு மறுத்தமைக்குக் காரணங்கள் பல. அவற்றுள் மிகக் கனமானது ஓர் எளிய எண்ணே. 1935 பொதுத் தேர்தலில் தொழிற் கட்சி 154 ஆசனங்களையும் வாக்குகளில் நூற்றுக்கு 38 பங்கையும் பெற்றிருந்தது. லிபரல்களுக்கு ஏழு பங்கு தானும் நிறைவாக இல்லை. இரண்டையும் கூட்டினாலும் ஐம்பதை எட்டவில்லை. அரசாங்கத் தரப்போ தனியே ஐம்பதைத் தாண்டியிருந்தது. எனவே எதிர்க்கட்சிகள் பிரிந்து நின்றதனாலேதான் தோற்றன என்பது பொதுவாகப் பொருந்தாத கூற்று. எதிர்ப்போர் தொகை பெருகினாலன்றி, அவர்களை ஒன்றுசேர்த்தலாற் பயனில்லை. ஒன்றுசேர்த்தலே அவர்களைப் பெருக்கும், கட்சிப்பற்றில்லாத மக்கள் உற்சாகங் கொண்டு வருவர் என்று கிரிப்ஸ் விடையிறுத்தார். பிரிஜ்வோற்றர் அவருக்குச் சான்று. ஆனால் நாட்டில் அறுநூறுக்கு மேற்பட்ட தொகுதிகள் இருந்தன. புகழ்பெற்ற வானொலிப் பேச்சாளர்கள் அறுநூறு பேர் இருக்கவில்லை.

அடுத்து, ஒப்பந்தம் யாரோடு? லிபரல்கள் அப்பொழுது ஒரே கட்சியாக இருக்கவில்லை. சேர் ஜோன் சைமனைச் சேர்ந்தோர் சேம்பர்லேனின் அரசாங்கத்திலேயே இருந்தனர், சைமனே நிதியமைச்சர். சேர் ஆர்ச்சிபால்ட் சின்கிளேயரின் தலைமையில் எதிர்வரிசையில் இருந்தோர் இருபதளவினர். அவர்களுக்கு வாக்களித்து வந்த மக்கள், தம் வேட்பாளர் இல்லாதவிடத்துத் தொழிற் கட்சிக்கு வருவரா, கன்சர்வேட்டிவ் பக்கம் போவரா என்பதற்கு யார் பிணை? தொழிற் சங்கத்தையும் அரசுடைமையையும் கண்டு அஞ்சிய லிபரல் வாக்காளர் அநேகர். கம்யூனிஸ்டுகளின் பெயர் ஒப்பந்தத்தில் இருந்துவிட்டாலோ, அவ்வச்சம் இரட்டிக்கும் என்று தொழிற் கட்சித் தலைவர்கள் கணித்தனர். 1920 இல் கம்யூனிஸ்டுக் கட்சி தோன்றிய நாள்தொட்டு அது இணைப்புக் கேட்டுப் பல தடவை விண்ணப்பித்ததும், ஒவ்வொரு தடவையும் தொழிற் கட்சி கதவடைத்ததும் இதனாலேதான். பிரான்சிலே 1936 இல் பெரும் ஆரவாரத்தோடு ஆட்சிக்கு வந்த மக்கள் முன்னணி இரண்டாண்டுகளுக்குள் சிதறிப்போனதையும் அவர்கள் கண்முன்னே கண்டிருந்தனர்.

இவற்றைவிட நுட்பமான ஒரு வாதமும் உண்டு. அது பெரிதும் கவனிக்கப்படுவதில்லை. 1938 மே மாதத்திலேயே நிறைவேற்றுக் குழு மக்கள் முன்னணியைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டிருந்தது. அதிலே, அரசாங்கத்தை ஆதரிக்கும் உறுப்பினருள் கணிசமான தொகையினர் பிரதமருக்கு எதிராகக் கிளர்ந்தெழுவாராயின் நிலைமை வேறாகலாம் என்று ஒரு வாசலைத் திறந்தே வைத்திருந்தது. அதன் கருத்து யாதெனின், எதிர்க்கட்சியோடு எதிர்க்கட்சி சேர்வதால் அரசாங்கம் விழாது. அரசாங்கத்தின் மதில் உட்புறத்திலே பிளந்தாற்றான் விழும். அப்பொழுது வெளியே நிற்பவன் பலவீனனோடு கைகோத்து நிற்பதிலும் தன் முழுப் பலத்தோடு நிற்பதே நன்று என்பதாகும். கணக்குத் தெரிந்தவர்களின் பேச்சு இது. அச்சத்தில் இருக்கும் மக்களுக்கு இது ஆறுதல் தருவதாயில்லை என்பதையும் ஒப்புக்கொள்ளல் வேண்டும். ஹிட்லர் 1939 மார்ச்சில் பிராக் நகரில் நுழைந்தபோது, தொழிற் கட்சி காட்டக்கூடியதாக இருந்தது பொறுமை ஒன்றே.

அறிக்கையை மீளப் பெறுமாறு கேட்கப்பட்டும் கிரிப்ஸ் இணங்காமையால், ஜனவரி 25 ஆம் தேதி அவர் நீக்கப்பட்டார். மறுநாள் பார்சலோனா நகரம் பிராங்கோவின் படைகளிடம் வீழ்ந்தது. நேயர்கள் இவ்விரு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால், அந்நாள்களிலே இளைஞர் பலரின் மனம் தலைமையின்மேல் ஏன் கசந்தது என்பது விளங்கும். கிரிப்ஸ் நாடெங்கும் கூட்டம் வைத்து ஒரு விண்ணப்பத்துக்குக் கையொப்பம் திரட்டினார். அவரோடு நின்ற அனூரின் பெவனும் ஜோர்ஜ் ஸ்ட்ராஸும் மார்ச் மாதத்தில் நீக்கப்பட்டனர். மே மாத முடிவில் சவுத்போர்ட் நகரில் கூடிய கட்சி மாநாட்டில் வழக்கு இறுதித் தீர்ப்புக்கு வந்தது. வெளியேற்றப்பட்டவராயினும் கிரிப்ஸுக்குப் பேச இடமளிக்கப்பட்டது. அவரோ நாட்டின் ஆபத்தைப் பற்றிப் பேசாது, மாற்றுக் கருத்தைப் பரப்ப உறுப்பினருக்குள்ள உரிமையைப் பற்றிச் சட்ட நுணுக்கத்தோடு வாதாடினார். மன்றம் நீதிமன்றமாக இருந்திருந்தால் ஒருவேளை வென்றிருப்பார். நீக்கத்தை ஆதரித்து 21 இலட்சம் வாக்கும், எதிர்த்து 4 இலட்சம் வாக்கும் பதிவாயின. இலட்சக்கணக்கு என்றவுடன் அத்தனை பேர் மண்டபத்தில் இருந்தனர் என்று எண்ணிவிடக் கூடாது. ஒவ்வொரு தொழிற் சங்கமும் தன் அங்கத்தவர் தொகை முழுவதையும் ஒரே வாக்காக அளிக்கும் வழக்கம் அங்கே இருந்தது. போக்குவரத்துத் தொழிலாளர் சங்கத்தின் ஒரு கை உயர்ந்தால் இலட்சங்கள் உயரும். அச்சங்கத்தை ஆண்ட ஏணஸ்ட் பெவினுக்கோ, செல்வந்த வழக்கறிஞர்கள் தொழிலாளருக்கு அரசியல் கற்பிப்பது ஒருபோதும் பிடித்ததில்லை.

ஒப்பந்தத்தை மறுத்தது ஒரு செயல். ஒப்பந்தம் கேட்டவரை வெளியேற்றியது மற்றொரு செயல். முன்னதற்குக் காட்டப்பட்ட நியாயங்கள் கனமானவை. பின்னதற்குக் கட்சிக் கட்டுப்பாடு என்பதைத் தவிர வேறு நியாயம் காண்பதரிது. கட்டுப்பாடு வேண்டுவதே எனினும், ஒரு மாநாட்டில் விவாதித்து முடிக்கக்கூடிய பொருளை மூன்று திறமைசாலிகளின் நீக்கத்தில் முடித்தது தேவைக்கு மிஞ்சிய கடுமையே. இதற்கிடையில், மறுத்தவர்களின் கைக்கு எதிர்பாராத ஒரு சான்றும் வந்து சேர்ந்தது. சவுத்போர்ட் மாநாடு முடிந்து மூன்று மாதங்களுள், 1939 ஆகஸ்ட் 23 ஆம் தேதி, சோவியத் ஒன்றியம் ஹிட்லரோடு ஆக்கிரமிப்பின்மை உடன்படிக்கை செய்துகொண்டது. போர் மூண்டபின் பிரித்தானியக் கம்யூனிஸ்டுக் கட்சியும் அக்டோபரில் அப்போரை எதிர்க்கத் தலைப்பட்டது. கிரிப்ஸ் கேட்ட ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தால், அது அந்த இலையுதிர் காலத்தைத் தாண்டியிருக்குமோ என்பது ஐயமே.

அவர் கேட்ட பொதுத் தேர்தலும் நிகழவில்லை. 1940 நவம்பருக்குமுன் நிகழவேண்டிய தேர்தல் போரினால் ஒத்திவைக்கப்பட்டது. எதிர்க்கட்சியோடு ஒப்பந்தம் வேண்டாமென்ற தொழிற் கட்சி, 1939 செப்டெம்பரில், ஆளுங்கட்சியோடும் லிபரல்களோடும் தேர்தற் சமாதானம் செய்துகொண்டது. எந்தக் கட்சியின் ஆசனம் வெறிதாகின்றதோ அக்கட்சியின் வேட்பாளரை மற்றவை எதிர்ப்பதில்லை என்பது ஏற்பாடு. இதனைச் சிலர் முரண்பாடென்று நகைத்தனர். அதிலே முரண்பாடு அதிகமில்லை. அச்சமாதானத்தினால் எந்தக் கட்சியும் தன் தொகுதியை விட்டுக்கொடுக்கவில்லை. தன் கொள்கையை ஒத்திவைக்கவுமில்லை.

1940 மே மாதத்தில் மதில் உட்புறத்திலே பிளந்தது. நோர்வேப் போரின் தோல்வி பற்றிய விவாதத்தின் முடிவில், மே 8 ஆம் தேதி இரவு, அரசாங்கத்தை ஆதரிப்போருள் நாற்பதளவினர் அதற்கெதிராக வாக்களித்தனர். இன்னும் பலர் வாக்களிக்காதிருந்தனர். சேம்பர்லேனின் பெரும்பான்மை 81 ஆகத் தாழ்ந்தது. சேம்பர்லேனின் கீழ்ப் பணிபுரிவீர்களா என்று தொழிற் கட்சியைக் கேட்டார்கள். மாநாட்டுக்காக போண்மவுத் நகரில் கூடியிருந்த நிறைவேற்றுக் குழு, அவரின் கீழ் இல்லை, வேறொருவரின் கீழ் ஆம் என்று விடையனுப்பியது. சேர்ச்சில் பிரதமரானார். அற்லியும் கிறீன்வூட்டும் போர் அமைச்சரவையில் அமர்ந்தனர். 1938 இன் அறிக்கையில் ஒரு வாக்கியமாகக் கிடந்த சாத்தியம் அவ்வாறு மெய்யாயிற்று; ஆனால் அதனை மெய்யாக்கியது தொழிற் கட்சியின் பொறுமையா, ஹிட்லரின் படைகளா என்று வினவினால், இரண்டாவதையே பெருங் காரணமெனல் வேண்டும்.

ஐரோப்பாவில் போர் முடிந்தவுடன், யப்பான் வீழும்வரை கூட்டரசாங்கத்தைத் தொடர்வோம் என்று சேர்ச்சில் கேட்டார். அதனையும் தொழிற் கட்சி மறுத்துத் தனித்தே நின்றது. 1945 ஜூலை 26 ஆம் தேதி முடிவுகள் வெளிவந்தபோது அதற்கு 393 ஆசனங்கள். லிபரல்கள் முந்நூறுக்கு மேற்பட்ட தொகுதிகளில் நின்று, 22 இலட்சம் வாக்குப் பெற்று, 12 ஆசனங்களோடு திரும்பினர். அவர்களுடைய தலைவர் சின்கிளேயரும் தோற்றார். அத்தொழிற் கட்சி அரசாங்கத்தின் காலத்திலேயே 1947 இல் இந்தியாவும் பாகிஸ்தானும், 1948 பெப்ரவரியில் இலங்கையும் சுதந்திரம் பெற்றன. லிபரல்களின் ஆதரவில் தொங்கும் அரசாங்கமாக இருந்திருந்தால் இவை இத்துணை விரைவில் நிகழ்ந்திருக்குமா என்பது வரலாற்று மாணவர் எண்ணிப் பார்க்கத்தக்கது.

நீக்கப்பட்ட மூவரும் அதற்குள் கட்சிக்குத் திரும்பியிருந்தனர். பெவன் 1939 முடிவதற்குள்ளேயே மீண்டார். சுகாதார அமைச்சராகி 1948 இல் தேசிய சுகாதார சேவையைத் தொடக்கிவைத்தவர் அவரே. ஸ்ட்ராஸ் பின்னர் வழங்கல் அமைச்சரானார். கிரிப்ஸ் 1945 இன் முற்பகுதியில் சேர்த்துக்கொள்ளப்பட்டு, வர்த்தக அமைச்சராகவும் 1947 முதல் நிதியமைச்சராகவும் பணியாற்றினார். 1946 இல் அமைச்சரவைத் தூதுக்குழுவோடு மீண்டும் டில்லிக்கு வந்தபோது அவர் கட்சியுள்ள மனிதர். பிரிஜ்வோற்றரிலோ, வேர்ணன் பாற்லெற் 1945 இலும் சுயேச்சையாகவே நின்றார். இம்முறை தொழிற் கட்சி அவருக்கு வழிவிடாது தன் வேட்பாளரையும் நிறுத்தியது. அப்படியிருந்தும் அவரே வென்று, 1950 வரை அத்தொகுதியின் உறுப்பினராயிருந்தார்.